டியூப் லைட்டில் எது சிக்கனம்? டி-12 முதல் எல்.இ.டி. வரை நீங்களே கணக்குப் போட முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் தையல் கூடம், அச்சகம், சின்னக் கடை, வீடு என்று வயரிங் வேலை பார்க்கிறவன் நான். "எந்த டியூபுக்குக் கரண்ட் கம்மி?" என்ற கேள்வி இல்லாமல் ஒரு வாரம் போவதில்லை. கேட்கிறவர் கையில் பெரும்பாலும் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதில் 36, 28, 20 என்று ஏதோ ஓர் எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மனசுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்பார்.

டியூப் தனியாக எரியாது. டியூபும், அதற்குக் கரண்டைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் சோக்கும் சேர்ந்த செட் எத்தனை வாட் இழுக்கிறது, அதற்கு மேசை மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, இந்த மூன்றும் தெரியாமல் எது லாபம் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். கடைக்குப் போவது ஒன்பதாவது படிக்குப் பிறகுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று கரண்ட் பில், ஒரு நோட்டு, ஈரத்துணி, நல்ல ஏணி, டெஸ்டர், லக்ஸ் மீட்டர் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும்) செயலி போட்ட செல்போன், ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் எதற்கென்று அடுத்த படியில் தெரியும்.

இதோடு, இடத்தில் எல்லாவற்றையும் அணைத்துவைக்க முடிகிற அரை மணி நேரமும் வேண்டும். கடை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜ், மோட்டார், வைஃபை பெட்டி எது ஓடினாலும் நான்காவது படியின் அளவு கெட்டுவிடும்.

2. தலைக்கு மேல் எரிவது எந்த ரகம்?

டி-12, டி-8, டி-5 என்பதில் வரும் எண் குழாயின் குறுக்களவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. டி-12 என்றால் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். டி-8 ஓர் அங்குலம், 26 மில்லிமீட்டர். டி-5 வெறும் 16.

ஏணியில் நின்றுகொண்டு ஸ்கேல் பிடிக்க வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, டியூபின் முனையில் நாணயத்தை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூடினால் டி-8. நாணயத்தைச் சுற்றிக் குழாய் நன்றாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் டி-12. நாணயத்துக்குப் பின்னால் குழாயே ஒளிந்துகொண்டால் டி-5.

அடுத்து, முனையில் அச்சடித்த எழுத்தைத் துடைத்துப் படியுங்கள். வாட் எண்ணுக்குப் பிறகு ஒரு குறியீடு இருக்கும். 54 அல்லது 765 என்றால் சாதாரணப் பாஸ்பர் பூச்சு (குழாயின் உட்புறம் ஒளிரும் பொடி). 865, 840 போல 8-ல் தொடங்கினால் மூவண்ணப் பாஸ்பர். மூன்று இலக்கக் குறியீட்டில் முதல் இலக்கம் நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதைச் சொல்கிறது, அடுத்த இரண்டும் வெளிச்சத்தின் நிறத்தை. 65 என்றால் 6500 கெல்வின், பகல் வெள்ளை. 40 என்றால் 4000, கொஞ்சம் மஞ்சள் கலந்தது.

இந்தக் குறியீட்டைப் பார்க்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஒரே 36 வாட், ஒரே நீளம், ஒரே தடிமன். 54 போட்ட டியூப் சுமார் 2450 லூமன் (டியூப் மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு) தரும், 865 போட்டது 3250 கிட்டத்தட்ட. அதே கரண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கூடுதல். கடைக்காரர் இரண்டையும் "முப்பத்தாறு வாட்" என்றுதான் எடுத்துக் கொடுப்பார்.

தையல்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கூடத்தில், ராத்திரி மெரூன் ரவிக்கைக்கு மெரூன் நூல் போட்டுத் தைத்து, காலையில் வாசலுக்கு எடுத்து வந்தால் நூல் பழுப்பாக நிற்கிறது என்று தலையில் கை வைத்தார்கள். தப்பு நூல்காரர்மேல் இல்லை, மேலே எரிந்த 54-ன்மேல். எட்டில் தொடங்கும் டியூப் போட்ட பிறகு அந்தப் புகார் வரவில்லை. எல்.இ.டி. வாங்கும்போதும் நிறம் காட்டும் அளவு (சி.ஆர்.ஐ.) 80-க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

டி-12 கழன்றால் அதே ஃபிட்டிங்கில், அதே செம்புச் சோக்கில் 36 வாட் டி-8 ஒழுங்காக எரியும். டி-5 எரியாது. அது நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் குட்டை, பின்களுக்கு இடைவெளி 13 மில்லிமீட்டருக்குப் பதில் 5 தான். அடாப்டர் போட்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், வாங்காதீர்கள்.

3. சோக் எது?

ஃபிட்டிங்கில் விரல் நீள ஸ்டார்ட்டர் இருந்தால் செம்புச் சோக். ஸ்விட்ச் போட்டதும் இரண்டு மூன்று முறை மின்னிவிட்டு எரியும், காதைக் கிட்டே கொண்டுபோனால் 'ங்ங்' என்று முனகும், கையில் எடுத்தால் கனக்கும். ஸ்டார்ட்டர் இல்லாமல் போட்டதும் எரிந்தால் எலக்ட்ரானிக் சோக்.

செம்புச் சோக் வெளிச்சம் தராமல் சூடாகவே 12 வாட் அளவுக்குத் தின்றுவிடும், பழசானால் இன்னும் கூட. அதனால் 40 வாட் டி-12 செட் உண்மையில் 52, 36 வாட் டி-8 செட் 48. நல்ல எலக்ட்ரானிக் சோக் டியூபை அதிக அலைவரிசையில் எரிப்பதால் டியூப் 32 வாட்டிலேயே ஏறக்குறைய அதே வெளிச்சத்தைக் கொடுக்கும். சோக்கின் இழப்பையும் சேர்த்து மொத்தம் 36-க்குள் அடங்கும். டியூபைத் தொடாமல் சோக்கை மட்டும் மாற்றினாலே 12 வாட் மிச்சம்.

மலிவு எலக்ட்ரானிக் சோக்கில் ஒரு தந்திரம் உண்டு. அது டியூபுக்குக் கொடுக்க வேண்டியதையே குறைத்துக் கொடுத்து, செட்டே 28 வாட் என்று காட்டும். மிச்சமானது கரண்ட் இல்லை, வெளிச்சம். அதனால்தான் ஐந்தாவது படியில் வெளிச்சத்தையும் அளக்கச் சொல்கிறேன்.

4. மீட்டரில் உண்மையான வாட்டை எடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். தாண்டினால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் ஊகம்.

முதலில், செய்யக்கூடாத முறை. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். ஒரு டியூப் வயரில் மாட்டினான், 0.43 ஆம்பியர் காட்டியது. 230-ஆல் பெருக்கிவிட்டு ஏணியிலிருந்தே கத்தினான்: "இன்னாண்ணா, ஒரு டியூபு நூறு வாட்டு இழுக்குது!" இழுக்கவில்லை. செம்புச் சோக்கில் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியர் பெருக்கத்தில் நிஜ வாட்டாகும் பங்கு, பாதிதான், 0.5 பக்கம். ஆம்பியரையும் வோல்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட் ஆகாது. வீட்டு மீட்டர் பணம் கேட்பது வாட்டுக்குத்தான். சாதாரணக் கிளாம்ப் மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய டியூப் நிஜத்தைவிட இரண்டு மடங்கு கெட்டதாகத் தெரியும், புது எல்.இ.டி. தேவதையாகத் தெரியும்.

சரியான முறைக்கு உங்கள் வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரே போதும். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600 அல்லது வேறு எண். உங்களுடையதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் அணையுங்கள். விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ ஏதோ ஓடுகிறது, தேடி அணையுங்கள். பிறகு டியூப்களை மட்டும் போட்டு, பத்து நிமிடம் சூடாக விடுங்கள். போட்டவுடன் எடுக்கும் அளவு நிலையாக இருக்காது.

இப்போது சரியாக ஐந்து நிமிடம் மின்னல்களை எண்ணுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் மணி பார்க்க வேண்டும். 12,000-ஐ மீட்டர் எண்ணால் வகுத்தால் வருவது உங்கள் பெருக்கும் எண். 3200 என்றால் 3.75, 1600 என்றால் 7.5.

சொன்ன தையல் கூடத்தில் எட்டு டியூப், 36 வாட், செம்புச் சோக். ஐந்து நிமிடத்தில் 104 மின்னல். 104-ஐ 3.75-ஆல் பெருக்கினால் 390 வாட், எட்டால் வகுத்தால் ஒரு செட்டுக்கு 48.75. முதலாளி அதுவரை எட்டு முப்பத்தாறு 288 என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நூறு வாட் வித்தியாசம், சோக் தின்றது.

ஒரே ஒரு டியூபை வைத்து எண்ணாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மின்னல்தான் வரும், ஒன்று தவறினாலும் எட்டு சதவீதம் பிசகும்.

5. துடைத்த பிறகு வெளிச்சத்தை அளங்கள்

வரிசை முக்கியம்: முதலில் துடைக்க வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும். பஞ்சு பறக்கும் கூடத்தில் டியூபின் மேல் ஒரு மெல்லிய கம்பளியே படர்ந்திருக்கும். அந்த எட்டு டியூப் கூடத்தில் தையல் மேசை மேல் துடைக்கும் முன் 210 லக்ஸ், துடைத்த பின் 270. ஒரு பைசா செலவில்லாமல். அழுக்கு டியூபை அளந்துவிட்டுப் புது எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது அழுக்கையும் சுத்தத்தையும்தான்.

செல்போன் செயலி காட்டும் எண் ஆய்வகத்துக்கு ஆகாது. ஒப்பிடுவதற்குத் தாராளமாக ஆகும், ஆனால் அதே போன், அதே இடம், அதே உயரமாக இருக்க வேண்டும். மேசையில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு அதில் வையுங்கள். பகல் வெளிச்சம் கலக்காமல் இருட்டிய பிறகு எடுங்கள். வீட்டு ஹாலுக்கு 150 லக்ஸ் போதும், பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு 300, தையலுக்கு 500-க்கு மேல்.

டியூபின் இரண்டு முனையும் கருத்திருந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணப் பூச்சு டியூப் சாகும் தறுவாயில் கால்வாசி வெளிச்சத்தை ஏற்கெனவே இழந்திருக்கும். மூவண்ணப் பூச்சில் இந்த இறக்கம் பத்து சதவீதத்துக்குள்தான்.

6. யூனிட் விலை: கடைசி விலைப் படியை எடுங்கள்

பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் போடாதீர்கள். வீட்டு இணைப்புக்கு முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். டியூபில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் இலவசப் பங்கிலிருந்து குறையாது. உச்சிப் படியிலிருந்துதான் குறையும். அதனால் பில்லில் கடைசி வரியில் என்ன விலையோ அதுதான் உங்கள் கணக்கின் விலை.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வீடுகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப் படியின் விலையும் மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பத்து, பதினைந்து யூனிட் குறைந்தாலே பில்லில் நன்றாகத் தெரியும். கடைகளுக்கு இலவசமும் இல்லை, விலையும் அதிகம்.

7. ஆறு செட்டையும் ஒரே தராசில் வையுங்கள்

நான்கு அடி செட், வருடத்துக்கு 3000 மணி நேரம் (நாளைக்குப் பத்து மணி, 300 நாள்), யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மணியும் விலையும் வேறாக இருக்கும், அதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட், அவ்வளவுதான் கணக்கு.

40 வாட் டி-12, செம்புச் சோக்: 52 வாட், 2450 லூமன். வருடச் செலவு 1560 ரூபாய்.
36 வாட் டி-8 சாதாரணம், செம்புச் சோக்: 48 வாட், 2450 லூமன். 1440 ரூபாய்.
36 வாட் டி-8 மூவண்ணம், செம்புச் சோக்: 48 வாட், 3250 லூமன். 1440 ரூபாய்.
அதே மூவண்ணம், நல்ல எலக்ட்ரானிக் சோக்: 36 வாட், 3100 லூமன். 1080 ரூபாய்.
28 வாட் டி-5, எலக்ட்ரானிக் சோக்: 32 வாட், 2600 லூமன். 960 ரூபாய்.
20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ஃபிட்டிங்கும் விளக்கும் ஒன்றாக வரும் பட்டை): 20 வாட், 2000 லூமன். 600 ரூபாய்.

ரூபாயை மட்டும் பார்த்து இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அதை ஆயிரம் லூமனுக்கு என்று மாற்றுங்கள், படம் வேறாகத் தெரியும். டி-12 செட்டில் ஆயிரம் லூமனுக்கு வருடம் 637 ரூபாய். சாதாரண டி-8-ல் 588. டியூபை மட்டும் மூவண்ணமாக்கினால் 443. எலக்ட்ரானிக் சோக்கும் சேர்ந்தால் 348. டி-5-ல் 369. எல்.இ.டி.யில் 300.

மேலிருந்து மூன்றாவது வரியைப் பாருங்கள். ஆறு மூவண்ண டியூப் தருவது 19,500 லூமன், எட்டுச் சாதாரண டியூப் தருவது 19,600. அதாவது கையில் காசில்லாத கடைக்காரர் ஆறு டியூபை மட்டும் மாற்றி, இரண்டு செட்டை அணைத்துவிட்டால், அதே வெளிச்சத்தில் 96 வாட் குறையும், வருடத்துக்கு 288 யூனிட். அணைக்கும் இரண்டும் தையல் மெஷினுக்கு நேர்மேலே இருப்பதாக இருக்கக்கூடாது, நிழல் விழும்.

கடைசி மூன்று வரிகளின் நடுவே பெரிய பள்ளம் இல்லை என்பதும் தெரிகிறதல்லவா? பள்ளம் முதல் இரண்டு வரிகளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில்தான். தலைக்கு மேல் டி-12 எரிகிறவர் இந்த மாதமே மாற்றலாம். எலக்ட்ரானிக் சோக்கில் மூவண்ண டி-8 எரிகிறவர் அது தானாகப் போகும்வரை எரியவிடலாம், யார் வந்து எதைச் சொன்னாலும்.

8. சென்னை வெயிலுக்கு ஒரு திருத்தம்

டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் அழுத்தத்தைப் பொறுத்தது வெளிச்சம். டி-8 அதிகபட்ச வெளிச்சம் தருவது சுற்றிலும் 25 டிகிரி இருக்கும்போது. டி-5-க்கு அந்த உச்சம் 35 டிகிரி. அதனால் சில பெட்டிகளில் 28 வாட் டி-5-க்கு 2900 லூமன் என்றும், சிலவற்றில் 2600 என்றும் இருக்கும். இரண்டும் உண்மை, வெப்பநிலைதான் வேறு. ஒன்றுக்கு 25 டிகிரி எண்ணையும் இன்னொன்றுக்கு 35 டிகிரி எண்ணையும் எடுத்து ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிசகு.

வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மொட்டை மாடியில் ஷீட் போட்ட கூடங்கள் நிறைய. மே மாதம் கூரைக்கு அரை அடி கீழே கை வைத்தால் தெரியும், 40 டிகிரிக்குக் குறையாது. அங்கே டி-8 சுமார் பத்து சதவீதம் மங்கும், டி-5 தன் 2900-க்குப் பக்கத்திலேயே நிற்கும். அப்போது டி-5-ன் ஆயிரம் லூமன் செலவு 331 ரூபாய்க்கு இறங்கி, எலக்ட்ரானிக் சோக் டி-8-ஐ முந்திவிடும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் துணிக்கடையில் இதற்கு நேர் எதிர்: டி-5 மங்கிப்போய், "புது லைட் போட்டும் இருட்டு" என்பார்கள்.

எல்.இ.டி.க்கும் சூடு ஆகாது. வெளிச்சம் சட்டென்று குறையாது, உள்ளே கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சீக்கிரம் போகும். ஷீட் கூரையில் ஒட்டி அடிக்காமல், சங்கிலியில் ஓர் அடி கீழே தொங்கவிடுங்கள். மேசைக்கும் பக்கமாகும்.

டி-5 பற்றி இன்னும் ஒன்று: மூலைக் கடைகளில் டியூப் கிடைப்பதில்லை. ஒன்று போனால் பாரிமுனை வரை போக வேண்டியிருக்கிறது. பஸ் செலவையும் அரை நாளையும் கணக்கில் எழுதுங்கள்.

9. சம வெளிச்சத்துக்குப் போட்ட முதல் திரும்பும் காலம்

இங்கேதான் பணத்தில் ஏமாறுகிறார்கள். நல்ல எலக்ட்ரானிக் சோக் டி-8 எட்டு இருக்கும் கூடத்தில் எட்டு எல்.இ.டி. பேட்டன் போட்டால், செட்டுக்கு 16 வாட், மொத்தம் 128 வாட் குறையும். வருடம் 384 யூனிட், 3840 ரூபாய். பேட்டன் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால் 2400 செலவு, ஏழரை மாதத்தில் முதல் திரும்பிவிடும் என்று காட்டும்.

ஆனால் வெளிச்சம் 24,800 லூமனிலிருந்து 16,000-க்கு இறங்கிவிட்டது. எல்.இ.டி. பேட்டன் வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கமே கொட்டும். டியூபோ சுற்றிலும் இறைத்து, கறுத்த கூரைக்கும் ஒரு பங்கு கொடுக்கும். அதனால் லூமன் கணக்கு சொல்லும் பன்னிரண்டு தேவைப்படாது. நான் பார்த்தவரை எட்டுக்குப் பத்துப் போட்டால் மேசையில் அதே லக்ஸ் வருகிறது. பத்து பேட்டன் 200 வாட். மிச்சம் 88 வாட், வருடம் 264 யூனிட், 2640 ரூபாய். செலவு 3000, இரண்டு புதுப் பாயின்ட்டுக்கு வயரும் கூலியும் 600. முதல் திரும்பப் பதினாறு மாதம். கெட்ட கணக்கு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏழரை மாதம் இல்லை.

இதே கணக்கை டி-12 கூடத்துக்குப் போடுங்கள். எட்டுக்கு எட்டே போதும், ஏனென்றால் பழைய டி-12 முனை கறுத்து ஏற்கெனவே மங்கியிருக்கும். செட்டுக்கு 32 வாட் மிச்சம், வருடம் 768 யூனிட், 7680 ரூபாய். 2400 ரூபாய் நாலு மாதத்துக்குள் வந்துவிடும்.

வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து மணி, யூனிட் ஐந்து ரூபாய் என்றால், எலக்ட்ரானிக் சோக் செட்டை எல்.இ.டி.யாக மாற்றுவதில் வருடம் 146 ரூபாய்தான் மிச்சம். 300 ரூபாய் திரும்ப இரண்டு வருடம். பூஜை அறையில் அரை மணி நேரம் எரியும் டியூபை மாற்ற ஓடாதீர்கள். மாடிப்படியில் ராத்திரி முழுவதும் எரிவதை முதலில் மாற்றுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கணக்குக்கு வெளியே இருந்து வந்து கையைப் பிடிக்கும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், சாதாரணப் பாஸ்பர் டியூபின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2026-க்குள்ளும், மூவண்ணத்தை 2027-க்குள்ளும் நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறார்கள். இருக்கும் டியூபை எரிக்கத் தடையில்லை. ஆனால் புதிதாகக் கூடம் போடுகிறவர் டி-8, டி-5 ஃபிட்டிங்கில் பணத்தைப் போட வேண்டாம்.

10. மாற்றும்போது

ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்குங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கையை வையுங்கள்.

பழைய ஃபிட்டிங்கிலேயே மாட்டும் எல்.இ.டி. டியூபா, முழு பேட்டனா? பேட்டனே மேல் என்பேன். எல்.இ.டி. டியூபில் சில ரகத்துக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் வர வேண்டும், சிலவற்றுக்கு எதிரெதிர் முனையில். பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல் மாட்டினால் ஷார்ட் ஆகும். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு நேர் வயர் கொடுத்தால், ஃபிட்டிங் மேல் மார்க்கரில் "எல்.இ.டி. மட்டும்" என்று எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் தெரியாமல் பழைய டியூபை மாட்டிவிடுவார்.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் ஹோல்டர் பின்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். டியூப் மினுக்கினால் உடனே சோக்கைக் குறை சொல்லாமல் ஹோல்டரைப் பாருங்கள். பத்து ரூபாய் ஹோல்டருக்காக நல்ல சோக்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு, நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

எல்.இ.டி. மாட்டியதும் செல்போன் கேமராவை அதன் பக்கம் திருப்புங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் டிரைவர் மட்டம், வெளிச்சம் துடிக்கிறது. தையல் மெஷின் சக்கரம், லேத் போன்றவை இந்தத் துடிப்பில் நின்றுவிட்டது போலவே தெரியும். செம்புச் சோக் டியூபுக்கும் இதே கோளாறு உண்டு.

இன்னொன்றை அடிபட்டுக் கற்றேன். ஒரு கூடத்தில் எட்டு பேட்டன் புதிதாகப் போட்டுக் கொடுத்த மூன்றாம் வாரம், மழை நாளில் சர்வீஸ் வயரில் நியூட்ரல் கழன்று, வோல்டேஜ் எகிறி, எட்டும் ஒரே நொடியில் போயின. பழைய செம்புச் சோக் இதைத் தாங்கியிருக்கும். அன்றிலிருந்து எட்டு பத்து எல்.இ.டி. போடும் இடத்தில் அதிக வோல்டேஜில் துண்டிக்கும் கருவி ஒன்றையும் எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுகிறேன். வாடிக்கையாளர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

மாட்டிய தேதியை பேட்டனின் முதுகில் எழுதுங்கள், பில்லைப் போட்டோ எடுத்துவையுங்கள். வெப்பக் காகிதப் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், வாரண்டியோ இரண்டு வருடம்.

ஒரு வாரம் கழித்து நான்காவது, ஐந்தாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். அதே சாக்கட்டிக் கட்டம், அதே போன்.

11. கழற்றியதை என்ன செய்வது

டியூபில் பாதரசம் இருக்கிறது. பையன்கள் அதை வாள்போல் வீசி உடைக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் கால் மணி நேரம் வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, தூள் பறக்கும். கெட்டி அட்டையால் தள்ளி எடுத்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். முழு டியூபைப் புதுசு வந்த அட்டை உறையிலேயே போட்டு, குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் டியூப் லைட்டை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின.

சோக்கைத் தூக்கிப் போடாதீர்கள். செம்புச் சோக்குக்குக் காயலான் கடையில் எடைக்குக் காசு உண்டு, எட்டு சோக் என்றால் ஒரு பேட்டன் விலையில் ஒரு பகுதியாவது தேறும். போகும் முன் ஒன்றைப் பிரித்து, சுற்றியிருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாக இருந்தால் அலுமினியம், கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுக் கோபப்படாதீர்கள்.